ட்வீட்டர் தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம்

எங்கள் கார் ஆடியோ கடையில் டியூனிங் செய்கிறவனுக்குத் தனி நாற்காலி கிடையாது. வந்து நிற்கும் காரின் டிரைவர் சீட்தான் அவன் நாற்காலி. ஒயர் இழுக்கிறவர்கள் தரையில் படுத்துக் கிடப்பார்கள். கதவைக் கழற்றி ஓட்டை போடுகிறவன் உடம்பெல்லாம் பிளாஸ்டிக் தூளோடு தும்மிக்கொண்டிருப்பான். நான் மட்டும் ஏசியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன். கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில், காதுக்குச் சம்பளம் வாங்குகிறவன் நான் ஒருவன்தான் என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

பத்தாவதில் கணக்கும் அறிவியலும் என்னைக் கைவிட்டன. நானும் அவற்றைத் தேடிப் போகவில்லை. பெங்களூர் ரயிலில் தொங்கிக்கொண்டு போய் குடோனில் பெட்டி அடுக்கினேன், சரிப்படவில்லை. கடைசியில் ஒட்டிக்கொண்டது இந்த டிரைவர் சீட்தான். அதை விட்டால் எனக்கு வேறு சீட் கிடையாது. அது எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். காரின் கதவில் பெரிய ஸ்பீக்கர் இருக்கும். ஆண் குரல், தவில், கிட்டார் எல்லாம் அதன் பாடு. முன்கண்ணாடி ஓரத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு ட்வீட்டர் இருக்கும். ஜால்ரா, சலங்கை, பெண் குரலில் வரும் அந்த 'ஸ்' சத்தம் அதன் பாடு. ஒன்று எங்கே ஓய்ந்து மற்றது எங்கே தொடங்க வேண்டும் என்று நாம் ஓர் இடம் குறிக்கிறோம். அதுதான் கிராஸ்ஓவர். கஸ்டமர்களுக்கு நான் ஊர் பாஷையில் சொல்வேன்: "அண்ணா, ஷிஃப்ட் மாறுற நேரம் மைன்ஸ் ஷாஃப்ட் வாசல நெனச்சிக்கோங்க. ஒரு ஷிஃப்ட் மேல வருது, ஒரு ஷிஃப்ட் கீழ போவுது. ரெண்டு கும்பலும் ஒரே வாசல்ல. சரியா நிக்கலன்னா நெரிசல். இல்லன்னா வாசலே காலி." நெரிசல் என்றால் பாட்டு அந்த இடத்தில் காதைக் கிழிக்கும். காலி என்றால் அந்த இடத்தில் குரல் பள்ளத்தில் விழுந்த மாதிரி உள்வாங்கும். ஈக்வலைசரில் அந்த இடத்தை மட்டும் ஏற்றியோ இறக்கியோ சமன் செய்வது என் வேலை.

சும்மா ஏற்றினாலும் ஆகாது. சில நேரம் ட்வீட்டரின் ஒயர் தலைகீழாக மாட்டியிருந்தால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அந்த இடமே செத்துப்போகும். அப்போது எவ்வளவு ஏற்றினாலும் பிரயோஜனமில்லை, ட்வீட்டர்தான் கருகும். அதனால் முதலில் ஒயரை மாற்றிப் பார்ப்பேன். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கடைசி இரண்டு வருடங்களாக ஒயர் சரியாக இருந்த வண்டிகளிலும் அதே இடத்தில் ஒரு பள்ளம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரிய வண்டி, சின்ன வண்டி, எதுவானாலும் அதே இடம். நான் அதற்குப் பெயரே வைத்தேன், கேஜிஎஃப் பள்ளம். "நம்ம ஊரு புழுதி பட்டா ஜப்பான் வண்டியே குழி உழுந்துடுது பாரு" என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொரு வண்டியிலும் அந்த இடத்தை ஏற்றி நிரப்பினேன்.

எங்கள் கடைக்கு ஒரு பழக்கம் உண்டு. டியூனிங்கைச் சத்தம் குறைத்து வைத்துச் செய்ய மாட்டோம். ரியர்வியூ கண்ணாடி நடுங்கி, பின்னால் நிற்கிற ஆட்டோ அதில் இரண்டாகத் தெரிகிற அளவுக்கு வைத்தால்தான் தப்பு தெரியும் என்பது எங்கள் நம்பிக்கை. பள்ளம் எங்கே இருக்கிறது என்று தேட, கீச்சென்று ஏறி இறங்கும் ஒரு சத்தத்தை ஓடவிட்டு ட்வீட்டருக்குப் பக்கத்தில் காதை வைப்பேன். முதலாளி, எங்களுக்கு ஓனர் அண்ணா, "டேய், காது பஞ்சராயிடும்டா" என்பார். "ஆனா ஒட்டிக்கலாம்ணா" என்பேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நந்திதுர்க் சுரங்கத்தில் ட்ரில்லிங் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது எனக்குப் பால் பல் முளைத்திருக்கவில்லை. மூடின பிறகும் மெஷின் அவர் காதுக்குள் நிற்கவில்லை. குக்கர் விசில் அவருக்குக் கேட்காது. போன் மணி கேட்காது. ஆம்பிளை பேசினால் கொஞ்சம் புரியும், அம்மா பேசினால் பாதிதான். ஸ்கெலட்டன் லைன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் வீட்டு டிவி ஓடினால் நாலு வீட்டுக்குச் செய்தி போகும்.

சின்ன வயதில் எனக்கு அவர் ஒரு விளையாட்டுச் சாமான். அவர் எதிரில் நின்று சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பேன். "இன்னாடா? சத்தமா சொல்லு" என்று குனிவார். மறுபடி வாயை அசைப்பேன். இன்னும் குனிவார். காதுக்குப் பக்கத்தில் வந்ததும், "நைனா, சோறு!" என்று கத்துவேன். "ஏன்டா கத்துற, நான் இன்னா செவிடா?" என்பார். லைனே சிரிக்கும். அவரும் சிரிப்பார். பெரியவனான பிறகும் நான் அதை விடவில்லை.

பங்காருபேட்டையிலிருந்து வந்த டாக்சிக்காரர்தான் முதலில் சண்டைக்கு வந்தார். பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றுகிறவர், நாளில் பாதி காருக்குள்ளேயே இருப்பவர். புது ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு போய் ஒரு வாரத்தில் திரும்பினார்.

"இன்னா குரு பண்ணி வெச்சிக்கீற? பொம்பள பாடுனா எனக்குப் பல்லு கூசுது."

"பல்லு கூசுனா பல் டாக்டர்கிட்ட போவணும்ணா. இது ஆடியோ கடை."

"நக்கலா? ஏறிக் குந்து. நீயே கேளு."

ஏறி உட்கார்ந்தேன். பாட்டு அருமையாக இருந்தது. பள்ளமில்லாமல், தார் ரோடு மாதிரி. "இத்தினி நாளு டப்பா ஸ்பீக்கர் கேட்டுனு இருந்தீங்க. இப்பதான் பாட்டு கேக்குறீங்க. புதுச் செருப்பு கடிக்குதுல்ல, அந்த மாதிரி. ரெண்டு நாள்ல பழகிடும்" என்று அனுப்பினேன்.

அவருக்குப் பழகவில்லை. மறுபடி வந்தபோது இடது ட்வீட்டர் பேச்சே இல்லை. ஓனர் அண்ணா அதைக் கழற்றி மூக்கருகில் வைத்தார், என் மூக்கருகிலும் வைத்தார். கருகிய வாசனை. உள்ளே மயிரளவு மெல்லிய கம்பிச் சுருள் கறுத்துப் போயிருந்தது.

"எவ்ளோ ஏத்தி வெச்சிருந்த?"

"தேவையானது."

அவர் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். பெங்களூரில் எல்லாக் கடையிலும் இப்போது இது இருக்கிறது என்று வாங்கி வைத்திருந்த மைக். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதால் பிரிக்காமலே கிடந்தது. டாக்சிக்குப் புது ட்வீட்டர் மாட்டி, டிரைவர் சீட்டில் தலை வைக்கும் இடத்தில் மைக்கைக் கட்டி, லேப்டாப்பைத் திறந்து, மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தத்தை ஓடவிட்டார். திரையில் ஒரு கோடு வந்தது. சமமாக வந்துகொண்டிருந்த கோடு, நான் நிரப்பிய இடத்தில் சுரங்கக் கழிவைக் கொட்டிய சைனைட் மேடு மாதிரி எழுந்து நின்றது.

"பாருடா. நெரிசல்."

"மைக்குக்கு இன்னாணா தெரியும்? அது எத்தினி பாட்டு கேட்டிருக்கு?"

டாக்சிக்காரர் சிரித்துவிட்டார். ஓனர் அண்ணா சிரிக்கவில்லை. மைக்கைக் கழற்றிக்கொண்டு தன் சொந்தக் காருக்குப் போனார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு டியூன் செய்து கொடுத்த வண்டி அது. அந்தச் சத்தத்தால்தான் எனக்கு அந்த சீட் கிடைத்தது. திரையில் கோடு ஏறக்குறைய நேராக வந்தது. சர்வீசுக்கு வந்திருந்த இன்னொரு வண்டி, இடையில் எப்போதோ நான் செய்தது. அதில் சின்ன மேடு. பிறகு அவர் டாக்சியைத் திரும்பிப் பார்த்தார். அதில் பெரிய மேடு.

மைக் ஒன்றுதான். நான் செய்த டியூனிங் புதுசாக ஆக ஆக மேடு வளர்ந்திருந்தது. எனக்குக் கணக்கு வராது. அந்தக் கணக்கு மட்டும் வந்தது. வந்ததை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "மைக்கு சீனா மாலுணா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு, கவர் சொட்டச் சொட்ட, கடை வாசலில் நின்றார். வழக்கமாக வருவார், ஒரு டீ குடிப்பார், போவார். ஓனர் அண்ணா அவருக்கு மரியாதை.

"வாங்கப்பா. உங்க புள்ள பண்ண வண்டி, வந்து குந்திக் கேளுங்க" என்று டாக்சி கதவைத் திறந்துவிட்டார். என்னைக் குத்துவதற்காகச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. வேறு எப்படிப் பேச்சை மாற்றுவது என்று தெரியாமல் செய்திருக்கலாம்.

அப்பா மீன் கவரை வெளியே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். கொஞ்சம் கழித்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"நல்லா கீதுடா."

"இன்னா நைனா நல்லா கீது?"

"பாட்டு முழுசா கேக்குது. ஜால்ரா போடுறான் பாரு, அது கூடக் கேக்குது. டிவில வெறும் வாய் அசையுது. இதுல அந்தப் பொண்ணு பாடுறது நெஜமாவே கேக்குது." அவர் முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. "எவன்டா கொற சொன்னது? என் புள்ள கரெக்டா வெச்சிக்கீறான்."

டாக்சிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு காதைப் பொத்தியிருந்தார். ஓனர் அண்ணா தரையைப் பார்த்தார். என் டியூனிங் சரியென்று சொல்ல உலகத்திலேயே ஒரு ஆள் கிடைத்தார். அவர் ட்ரில்லிங் பார்த்துச் செவிடான ஆள்.

அப்பா சிரித்துக்கொண்டே எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. அவர் முட்டாள் இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கி, மீன் கவரை எடுத்துக்கொண்டு, டீ குடிக்காமலே போய்விட்டார்.

கோலாரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காது பார்க்கிற இடத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். "மேடம், நம்ம ஊரு பாட்டு ஏதாச்சும் போடுங்க" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி சிரித்தார்.

தாழ்ந்த சத்தங்கள் வந்தன, அமுக்கினேன். இன்னும் வந்தன, அமுக்கினேன். பிறகு எதுவும் வரவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முடியவில்லை. அவர் கை மெஷினில் அசைந்துகொண்டிருந்தது. அமுக்குகிறார், என் முகத்தைப் பார்க்கிறார், ஒரு குமிழைக் கொஞ்சம் திருப்புகிறார், மறுபடி அமுக்குகிறார். அந்தக் குமிழை ஏற்றும் விதம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பள்ளத்தை நிரப்ப நான் ஏற்றுகிற மாதிரியே ஏற்றினார். ரொம்ப தூரம் ஏற்றிய பிறகு, கொசு மாதிரி ஒன்று வந்தது.

வெளியே வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மைன்ஸ்ல வேலையா?"

"மைன்ஸ் மூடுனப்ப நான் எங்கம்மா இடுப்புல இருந்தேன் மேடம்."

"அப்ப எதுல? மெஷின் எதாவதா?"

"பாட்டு கேக்குறதுல."

அவர் நம்பவில்லை போலிருந்தது. அந்த இடத்தில் போனது திரும்பி வராது என்றார். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார், சத்தத்தை விட்டுத் தள்ளி இருக்கச் சொன்னார். எங்கே போய் இருப்பது என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் அப்பா அன்று சாயங்காலம் வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. தானாகப் பேச ஆரம்பித்தார்.

"கீழ எங்களுக்குப் பஞ்சு குடுத்தாங்க, காதுல வெச்சிக்கச் சொல்லி. எவனும் வெக்கல."

"ஏன் நைனா?"

"பாறை உடையுறதுக்கு முன்னாடி 'டிக்'னு ஒரு சின்னச் சத்தம் குடுக்கும். மெஷின நிறுத்திட்டு அதக் கேப்போம். கேட்டா ஓடணும். பஞ்சு வெச்சா அது கேக்காதுன்னு எடுத்துப் போட்டுட்டோம்." தன் காதைத் தொட்டுக் காட்டினார். "கடசில அந்த டிக்குதான் மொதல்ல கேக்காம பூட்ச்சி."

"அப்பறம் எப்படி ஓடுனீங்க?"

"புச்சா வந்தவன் மூஞ்சியப் பாப்போம். அவன் ஓடுனா நாங்களும் ஓடுவோம்."

நான் ஏதாவது நக்கலாகச் சொல்ல வேண்டிய இடம் அது. அவரும் அதற்காகக் காத்திருந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

டாக்சியைத் திரும்பச் செய்து கொடுக்கும் வேலையை ஓனர் அண்ணா எனக்கே கொடுத்தார். "ஸ்க்ரீனப் பாத்து இறக்கு. காத வெக்காத" என்றார். உட்கார்ந்தேன். மேடு இருந்த இடத்தை ஈக்வலைசரில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் கோடு நேராகிக்கொண்டே வந்தது. பாட்டு செத்துக்கொண்டே வந்தது. பாடுகிற பெண் முதலில் தள்ளிப் போனாள், பிறகு ஒரு கதவுக்குப் பின்னால் போனாள், பிறகு கம்பளி போர்த்திக்கொண்டாள். கோடு முழுக்க நேரானபோது எனக்குக் கேட்டது வெறும் முனகல். இதை ஒரு மனிதனுக்குக் கொடுக்க முடியாது என்று என் உடம்பு முழுவதும் சொன்னது. நான் பாட்டைக் கவனிப்பதை விட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற டாக்சிக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் கண்ணை மூடினார். தலை லேசாக ஆடியது. வாய் கூடவே பாடியது.

"ஆஹா. இப்பதான் குரு பாட்டு. அன்னிக்கே இத பண்ணியிருக்கலாம்ல?"

"அன்னிக்கு மூடு இல்லணா."

"திமிரப் பாரு" என்று என் முதுகில் தட்டிவிட்டு வண்டியை எடுத்தார். கண்ணாடி ஏற்றியபடி பங்காருபேட்டை ரோட்டில் போனார். உள்ளே அந்தப் பெண் அவருக்கு மட்டும் முழுதாகப் பாடிக்கொண்டிருந்திருப்பாள்.

அதற்குப் பிறகு டியூனிங்கை ஓனர் அண்ணாவே செய்கிறார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு நாள் என்னிடம் கதவு அறுக்கிற மெஷினைக் கொடுத்து, "இத யாராவது சுத்தமா பண்ணணும்டா, இவனுங்க கோணலா அறுக்குறானுங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். அவர் இன்னொரு சின்ன டப்பாவையும் கொடுத்தார். உள்ளே ஆரஞ்சு கலரில் காதில் வைக்கிற பஞ்சு. வைத்துக்கொண்டேன். இப்போது பிளாஸ்டிக் தூளோடு தும்முகிறவன் நான்தான். யாராவது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, "இந்த எடத்துல குரல் உள்ள போற மாதிரி கீதே" என்று சொன்னால், "அது கேஜிஎஃப் பள்ளம்ணா, ஓனரக் கேளுங்க" என்பேன். சிரிப்பார்கள். பையன்கள் இன்னும் என்னை நக்கல்காரன் என்றுதான் சொல்கிறார்கள்.

அம்மாவுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். டிவி ரிமோட்டுக்காக நானும் அப்பாவும் போடும் சண்டை நின்றுபோனதை அவர் கவனிக்காமல் இருக்க மாட்டார். அப்பா வைக்கிற சத்தம் எனக்கு இப்போது அதிகமாகத் தெரிவதில்லை.

போன மழையில் ஒரு சாயங்காலம். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அப்பா எனக்கு எதிரில் இருந்தார். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து வாயை அசைத்தார். எனக்கு மழை மட்டும் கேட்டது.

"இன்னா நைனா?"

மறுபடி அசைத்தார். நான் குனிந்தேன். இன்னும் ஒரு தடவை. அப்போது எனக்குப் புரிந்தது, இருபது வருடக் கடனைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று. சத்தமே இல்லாமல் வாயசைத்து என்னைக் குனிய வைக்கிறார். சரி, ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று நன்றாகச் சிரித்தேன். "போ நைனா, நான் இன்னா செவிடா?" என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை.

அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். அம்மா சொன்னதைப் பாதி காதாலும் பாதி உதட்டைப் பார்த்தும்தான் பிடித்தேன்.

"உடுங்க. சாப்புடுற நேரத்துல புள்ளகிட்ட அதெல்லாம் ஏன் மூணு தடவ சொல்லினு இருக்கீங்க."